பால் கவர் குருணையில் குமிழி: யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். மதுரை கப்பலூரில் சின்ன மறுசுழற்சிப் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய பால் கவர்களைக் கழுவி, உருக்கி, குருணையாக்குகிறோம் (சிறு பிளாஸ்டிக் மணிகள்). மூன்று வாரமாகக் குருணைக்குள் குமிழி, கூடவே கருகல் வாடை. 400 கிலோ திரும்பி வந்துவிட்டது. வாங்கியவர் அதை உருக்கி ஃபிலிம் (மெல்லிய பிளாஸ்டிக் தாள்) ஊதும்போது ஓட்டை விழுகிறதாம்.

பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் எந்திரம் 75 மி.மீ. ஒற்றைத் திருகு எக்ஸ்ட்ரூடர். வாயு வெளியேற ஒரு வெண்ட் (திறப்பு) உண்டு, அதை உறிஞ்சி எடுக்கும் வாக்குவம் கிடையாது. வெப்பத்தை 210 டிகிரியிலிருந்து 180க்குக் குறைத்தேன். வாடை குறைந்தது, குமிழி போகவில்லை. உருகியதை வடிகட்டும் வலையை 60 மெஷிலிருந்து இன்னும் நெருக்கமான 100க்கு மாற்றியும் பயனில்லை. இரண்டு நாள் வெயிலில் காயவைத்தும் மடிப்புக்குள் ஈரம் நிற்கிறது. சரி, ஈரம்தான் காரணம் என்று நினைத்தேன். ஆனால் அச்சில்லாத கவரை மட்டும் ஓட்டியபோது குமிழி பாதியானது. அப்படியானால் மையிலிருந்தும் வாயு வருகிறதோ? கழுவி எடுத்த கவரைக் குப்பைக்கிடங்குக்கே திருப்பி அனுப்ப மனம் வரவில்லை.

ஒன்றுக்குத்தான் கையில் பணம் இருக்கிறது. முதலில் உலர்த்தும் எந்திரம் வாங்கவா, வாக்குவம் வைக்கவா?