பிடி (Bt, மரபணு மாற்றிய) பருத்திக் கொட்டையை எடுத்து விதைத்தால் கேஸ் வருமா?

பெரம்பலூர் காட்டான்: போன வருடப் பிடி பருத்தியில் கொஞ்சம் கொட்டை எடுத்து வைத்திருக்கிறேன். விதைத்தால் கம்பெனி கேஸ் போடும் என்கிறார் விதைக்கடைக்காரர். கனடாவில் ஒருவர் மேல் போட்டார்களாமே?

வக்கீல் தம்பி: ஆமாம் அண்ணே. மான்சாண்டோ விதைக் கம்பெனி, கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிருக்காகப் போட்ட வழக்கு. 2004இல் கனடா உச்ச நீதிமன்றத்தில் விவசாயி பெர்சி ஷ்மைசர் 5-4 என்று தோற்றார்; ஆனால் பணம் எதுவும் கட்டச் சொல்லவில்லை. இங்கே 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள், விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆவது பிரிவு இருக்கிறது. எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், பக்கத்துக் காட்டுக்காரருக்கும் கொடுக்கலாம். கம்பெனி ரகத்தின் பெயர் போட்டுப் பையில் விற்கத்தான் கூடாது.

கரிசல்: சட்டம் விட்டாலும் செடி விடாதே! அது ஹைபிரிட், அதாவது கலப்பின விதை. மறுபடி விதைத்தால் ஒரு செடி இடுப்புயரம், அடுத்தது முழங்கால். கம்பெனிக்கு வக்கீலே தேவையில்லை.

பெரம்பலூர் காட்டான்: சரி, மாட்டுக்கு ஆட்டி வைக்கிறேன்.

கரிசல்: அப்புறம், புது விதை வாங்கினாலும் இனக்கவர்ச்சிப் பொறி (பெண் பூச்சியின் வாசனையால் ஆண் அந்துப்பூச்சியைப் பிடிப்பது) வையுங்கள். இளஞ்சிவப்புக் காய்ப்புழு இப்போது பிஜி-2வுக்கும் (இரண்டு பிடி மரபணு உள்ள பருத்தி) பயப்படுவதில்லை.