ஏகார் தட்டில் தனிக் கொலனி வரவே இல்லை, அவசரம்

நுவரெலியா மாணவி: பற்றீரியாவைத் தனித்தனிக் கூட்டமா (கொலனி) பிரிக்க, ஏகார்ங்கிற ஜெலி ஊத்தின தட்டுல நாலு பகுதியா கோடிழுத்தோம். மூணு தட்டும் ஒரே பூச்சு. நாலாவது பகுதியிலயும் தனிப்புள்ளி இல்ல. லூப்பை (கோடிழுக்கிற கம்பி வளையம்) நல்லா சுட்டுத்தான் இழுத்தோம். வியாழன் மறுபடி செய்முறை. எங்க தப்பு?

பண்டாரவளை லேப்: என்ன பற்றீரியா, எந்த ஊடகம், எத்தனை பாகையில் எத்தனை மணி நேரம்? ஒன்றுமே சொல்லவில்லையே தங்கச்சி. லூப்பைச் சுட்டது ஆரம்பத்தில் மட்டுமா?

ஹட்டன் சுடர்: லூப்தான் காரணம். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கம்பி முழுக்கச் சிவக்கச் சுட வேண்டும். பதினைந்து விநாடி ஆறவிட்டு ஏகார் ஓரத்தில் தொடுங்கள்; 'சுர்' என்றால் இன்னும் சூடு. முந்தின கோடுகளை இரண்டு மூன்று தடவை மட்டும் கடந்து இழுங்கள். நாலாவது பகுதி முதலாவதைத் தொடவே கூடாது.

மூத்த நுண்ணங்கியாளர்: பாடநூலை ஒழுங்காக வாசித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திராது. 37 பாகையில் 24 மணி நேரம் வைத்துப் பழகுங்கள்.

பண்டாரவளை லேப்: பள்ளியில் 37 வேண்டாம் சேர். மனித உடம்பில் நோய் உண்டாக்கும் கிருமி தப்பி விழுந்திருந்தால் அந்த வெப்பத்தில்தான் செழிக்கும். 25–30 பாகை, 48 மணி நேரம் போதும்.

மூத்த நுண்ணங்கியாளர்: நுவரெலியாக் குளிரில் 25 எங்கிருந்து வரும்?

பண்டாரவளை லேப்: மூடிய பெட்டிக்குள் சின்ன இழைபல்ப், பக்கத்தில் வெப்பமானி.

நுவரெலியா மாணவி: பசிலஸ் சப்டிலிஸ், போசணை ஏகார். ஒவ்வொரு பகுதிக்கும் சுட்டோம். தட்டை நிமிர்த்தித்தான் வெச்சோம். மூடியெல்லாம் தண்ணி.

தலவாக்கலை ஆசிரியை: அந்தத் தண்ணிதான்மா. குளிர்ந்த அறையில் ஏகாரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஆவி மூடியில் படிந்து சொட்டும். ஏகார் மேல் நீர்ப்படலம் நின்றால் கலங்கள் கோட்டை விட்டுப் பரவும். பசிலஸ் சப்டிலிஸுக்குச் சவுக்குமுளையும் (வால் போன்ற இழை) உண்டு, நீந்தியே போகும். குடுவையைக் கையில் பிடிக்க முடிகிற சூட்டுக்கு, 45–50 பாகைக்கு, ஆறவிட்டு ஊற்றுங்கள். தட்டுக்கு 15–20 மில்லிலீற்றர். ரொம்ப ஆறினால் கட்டி தட்டும். இறுகியதும் கவிழ்த்து, மறுநாள் கோடிழுங்கள், வளர்க்கும்போதும் கவிழ்த்தே.

கிருமியழித்தது பிரஷர் குக்கரிலா? 1,868 மீற்றர் உயரத்தில் தண்ணி 94 பாகையிலேயே கொதிக்கும். 15 இறாத்தல் அமுக்க எடை போட்டாலும் உள்ளே 118 அளவுதான் ஏறும், கிருமியழிக்க வழக்கமாக வைக்கும் 121 வராது. 15 நிமிடம் போதாது, 30 வையுங்கள். பழைய தட்டுகளையும் திறந்து பார்க்காமல் அதே மாதிரி அவித்துவிட்டு வீசுங்கள்.

ஹட்டன் சுடர்: அப்போதும் லூப்பைக் கவனியுங்கள்.

நுவரெலியா மாணவி: ஆறவெச்சு ஊத்தி கவிழ்த்தோம். ரெண்டு தட்டுல தனித்தனியா வந்திருக்கு. மூணாவதுல ஏகார் கிழிஞ்சிருச்சு. நன்றி டீச்சர்.

ஹட்டன் சுடர்: கிழிந்தால் லூப்பைக் குத்தலாகப் பிடித்திருக்கிறீர்கள். சரித்து, எழுதுகிற பாரத்தைவிட லேசாக.