மறு: ஸ்கொயர், க்யூப்: வடிவத்துக்கும் பெருக்கலுக்கும் ஒரே சொல்லா?

அனைவருக்கும் வணக்கம்.

ஸ்கொயர், க்யூப் என்ற ஆங்கிலச் சொற்கள் உருவத்தையும் குறிக்கும், ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்குவதையும் குறிக்கும். தமிழில் என்ன போடுவது என்று மூன்று நாளாக ஓடும் இழையை முழுதாகப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். குழப்பத்தைத் தொடங்கி வைத்தவனே நான்தான். கணிதச் செயலியின் மொழிபெயர்ப்புக் கோப்பில் 'க்யூப்' ஒரே ஒரு முறைதான் வந்தது. 'கனசதுரம்' என்று போட்டேன். படம் வரையும் பக்கத்தில் சரியாகவே இருந்தது. கால்குலேட்டர் பக்கத்தைத் திறந்தால் '5-இன் கனசதுரம் = 125' என்று நிற்கிறது! மூலத்தில் சூழல் குறிப்பு இல்லாவிட்டால் கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவி ஒரே மொழிபெயர்ப்பைத்தான் எல்லா இடத்திலும் ஒட்டும். நிரல் எழுதுபவரிடம் சொல்லி இரண்டையும் பிரித்தாயிற்று. இனி சொல்தான் பாக்கி.

> ஆங்கிலத்துக்கு ஒரு சொல் போதுமானால் நமக்கு ஏன் போதாது?

ஆங்கிலத்துக்கு மட்டுமா? கி.பி. 499-இல் ஆரியபட்டரும் அப்படித்தான் செய்தார். நான்கு பக்கமும் சமமான உருவமும் வர்க்கம், சமமான இரண்டின் பெருக்கமும் வர்க்கம். மூன்றின் பெருக்கம் கனம், பன்னிரண்டு விளிம்புள்ள திண்மமும் கனம். அங்கிருந்து நமக்கு வந்தபோது பெருக்கல் பாதி மட்டும் தங்கிவிட்டது. உருவத்துக்குச் சதுரம் என்றோம், கனசதுரம் என்றோம். அந்தப் பிரிவினை நல்லதுதான் என்பது என் கட்சி. '3 அடி சதுரம்' என்றால் 9 சதுர அடி. '3 சதுர அடி' என்றால் மூன்றே மூன்றுதான். டைல்ஸ் ஒட்டுபவருக்கு இது தெரியும், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தடுமாறும். பெருக்கலையும் சதுரம் என்று சொல்லி இன்னொரு முடிச்சுப் போட வேண்டாம்.

> பாடநூலில் வர்க்கம், கனம் என்று இருக்கிறதே. அப்படியே எடுத்துக்கொள்வோம்.

வர்க்கம் பரவாயில்லை, பாட்டாளி வர்க்கம் நினைவுக்கு வருவதைத் தவிர. கனம்தான் உதைக்கிறது. அண்ணன் மகளிடம் "நாலோட கனம் என்ன?" என்று கேட்டேன். "எத்தனை கிலோன்னா சித்தப்பா?" என்றாள். பலகையின் தடிமனும் கனம், மூட்டையின் பளுவும் கனம், மழையும் கனமழை. அதோடு இந்த வரிசை மூன்றோடு நின்றுவிடுகிறது. நான்காவதற்கு என்ன சொல்வது?

அதனால்தான் பெருக்கலில் வரும் ஸ்கொயருக்கு இருபடி, க்யூபுக்கு முப்படி என்கிறேன். நாற்படி, ஐம்படி என்று தானாகவே போகும். இருபடிச் சமன்பாடு ஏற்கெனவே பாடநூலில் இருப்பதால் பிள்ளைகளுக்குப் புதிதும் அல்ல. பொத்தானில் வினையாக வேண்டுமானால் 'இருபடியாக்கு', 'முப்படியாக்கு'. இருபடி என்றால் இரண்டு படி அரிசி என்று ஒருவர் கிண்டலடித்திருந்தார். சிரித்தேன். ஆனால் எண்ணுக்குப் பக்கத்தில் வரும்போது யாரும் அரிசியை நினைக்கப் போவதில்லை. 'ஈரடுக்கு' என்ற பரிந்துரைக்குத்தான் என் மனம் ஒப்பவில்லை, மேம்பாலம் போல ஒலிக்கிறது.

இன்னொரு வசதியும் உண்டு. பக்கத்தை இரட்டித்தால் பரப்பு 2-இன் இருபடி, அதாவது 4 மடங்கு. பருமன், அதாவது வால்யூம், 2-இன் முப்படி, 8 மடங்கு. ஒரு மீட்டருக்கு 100 சென்டிமீட்டர் என்பதால் ஒரு கன மீட்டருக்கும் 100 கன சென்டிமீட்டர் என்று எழுதாத மாணவர் அபூர்வம். 100-ஐ முப்படியாக்கு என்று சொல்லிவிட்டால் பத்து லட்சம் வந்துவிடும். லிட்டரில் அது ஆயிரம்.

> குழி என்ற நம் சொல்லை மீட்டெடுக்கலாமே?

ஆசைதான். பழைய கணக்கில் குழி என்றால் பரப்பு. வட்டத்தின் சுற்றளவில் பாதியையும் விட்டத்தில் பாதியையும் பெருக்கினால் குழி என்று பழைய கணக்குப் பாட்டு இருக்கிறது. எண்சுவடி என்ற பழைய வாய்பாட்டு நூலில் குழிமாற்று என்று ஒரு வாய்பாடே உண்டு. தஞ்சைப் பக்கம் 144 சதுர அடி ஒரு குழி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. பாருங்கள், 144 என்பதே 12-இன் இருபடி. ஆனால் இன்றைக்குத் திரையில் 'குழியைக் கண்டுபிடி' என்று வந்தால் கடப்பாரை எடுக்கத்தான் தோன்றும்.

> வால்யூமுக்குக் கொள்ளளவு போட்டுவிடலாம்.

இதை மட்டும் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். மேட்டூர் அணைக்குக் கொள்ளளவு உண்டு. செங்கல்லுக்கு ஏது? வெளியே 4 அடிப் பக்கமுள்ள ஒரு கான்கிரீட் தொட்டி, மூடி உட்பட ஆறு பக்கமும் அரை அடித் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளி அளவு 64 கன அடி. உள்ளே பக்கம் 3 அடியாகிவிடும், 27 கன அடி. கொள்ளளவு அந்த 27தான், ஏறக்குறைய 765 லிட்டர். மீதி 37 கன அடியும் கான்கிரீட்! தண்ணீரை விடச் சுவரே அதிகம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் இந்தக் கணக்கைக் கேள்வியாகக்கூட எழுத முடியாது. திண்மத்துக்குக் கன அளவு, பாத்திரத்துக்குக் கொள்ளளவு. வேதியியல் நூல்களில் வரும் பருமனும் நல்ல சொல்தான், மேலே நானே எழுதியிருக்கிறேன். இருந்தாலும் கன அடியோடு சேர்ந்து நிற்கக் கன அளவே தோது.

கனசதுரத்துக்கு இலங்கை நண்பர் சொன்ன சதுரமுகி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எல்லா முகமும் சதுரம் என்று பெயரே சொல்லிவிடுகிறது. அங்குள்ள பிள்ளைகள் அதைத்தான் பள்ளியில் படிக்கிறார்கள். எனவே இலங்கைப் பதிப்புக் கோப்பில் சதுரமுகி, கனவளவு. தமிழ்நாட்டுக் கோப்பில் கனசதுரம், கன அளவு. இருபடியும் முப்படியும் இரண்டிலும் பொது, பாடநூல் சொல்லான வர்க்கமும் கனமும் சுட்டியை மேலே வைத்தால் தெரியும் குறிப்பில் வரட்டும். மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள், அன்றிரவு கோப்பை ஏற்றிவிடுவேன்.

அப்புறம் ஒன்று. செ.மீ³ என்பதை, பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் 'செமீ மூன்று' என்று படிக்கிறது. 'கன சென்டிமீட்டர்' என்று சொல்லவைக்க வழி தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?