ட்ராக்குக்குப் போகும் சிவிக்: ஆர்பிஎம் சிக்னலை எங்கே எடுப்பது?

உப்புவெளி_ஈகே:
வணக்கம். என்னிடம் ஹொண்டா சிவிக் ஈகே3 இருக்கிறது, மனுவல் கியர். கட்டுக்குறுந்த ரேஸ் ட்ராக்கில் அடுத்த ட்ராக் டே (சொந்தக் காரை ஓட்ட விடும் நாள்) வரும்போது போகிற எண்ணம். ஓடும்போது வேகத்தையும் மற்றதையும் பதிந்து வைக்கிற, ஜீபிஎஸ் உள்ள சின்ன டேட்டா லொகர் ஒன்று வாங்கிவிட்டேன். அதில் ஆர்பிஎம்முக்கு (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதற்கு) என்று ஒரே ஒரு வயர். கூட வந்த தாளில் "12 வோல்ட் வரை சதுர அலை" என்று மட்டும் போட்டிருக்கிறது. கராஜ் பாஸ் "கொயிலில் இருந்து இழு" என்கிறார், பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கிற கொயிலைத்தான். கூட்டாளி "ஓபிடி புளூடூத் ஒன்றைக் குத்து, வேலை முடிந்தது" என்கிறான், எஞ்சின் கொம்பியூட்டரைச் சோதிக்கிற சொக்கெட்தான் ஓபிடியாம். இரண்டு பேரும் அடித்துச் சொல்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

சீனக்குடா_கொயில்:
பாஸ் சொன்னதுதான் சரி தம்பி. கொயிலின் நெகட்டிவ் பக்கம் பொய் சொல்லாது. நாலு சிலிண்டர், ஒரே கொயில், தீப்பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்க டிஸ்ரிபியூட்டர். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு நாலு தடவை தீ வைக்கும், அதாவது சுற்றுக்கு இரண்டு பல்ஸ். லொகரில் 2 என்று போடு, போய்க்கொண்டே இரு. ரேஸ் ஓடினவன் எல்லாம் அந்தக் காலத்தில் இப்படித்தான் டேக்கோ (ஆர்பிஎம் மீற்றர்) பூட்டினான்.

நிலாவெளி_பிட்ஸ்:
அண்ணா, அந்தக் காலத்து டேக்கோ அந்த அடியைத் தாங்கும். இவர் வாங்கியது 12 வோல்ட் பெட்டி. கொயிலில் ஓடுகிற கரண்டை இக்னைட்டர் வெட்டுகிற அந்தக் கணத்தில் நெகட்டிவ் பக்கம் 300, 400 வோல்ட் வரை துள்ளும். நேரே கொடுத்தால் லொகரின் இன்புட் போய்விடும். முதல் ஸ்டார்ட்டிலேயே போனாலும் ஆச்சரியமில்லை. ஓபிடியில் அந்தப் பயம் இல்லை. எஞ்சின் கொம்பியூட்டரிடமே கேட்கிறோம், அது எண்ணிப் பதில் தருகிறது. கால் ஆர்பிஎம் வரை துல்லியமாகச் சொல்லும் முறை அது.

சீனக்குடா_கொயில்:
நேரே கொடு என்று யார் சொன்னது? 47 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்று தொடரில், அதற்குப் பின்னால், கூடுதல் வோல்ட்டை எர்த்துக்குத் தள்ளிவிட 12 வோல்ட் சீனர் டயோட் ஒன்று. சாமான் செலவு ஒரு பிளேன் டீ காசு. அவ்வளவு துள்ளலும் அதோடு அடங்கும்.

உங்கள் ஓபிடியைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். துல்லியம் இருந்து என்ன, வேகம் இல்லையே. ஒன்று கேட்டு, பதில் வந்து, அடுத்ததைக் கேட்டு... கே லைன் என்ற ஒற்றை வயரில் மெதுவாகப் பேசும் பழைய கார்களில், மலிவான புளூடூத் குச்சியை வைத்துக்கொண்டு, நாலைந்து விஷயத்தை ஒன்றாகக் கேட்டால் ஆர்பிஎம் ஒரு செக்கனுக்கு இரண்டு முறை வந்தாலே பெரிது. 100 கிலோமீற்றர் வேகத்தில் கார் ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 28 மீற்றர் போகும். ஒரு பதிலுக்கும் அடுத்த பதிலுக்கும் நடுவில் 14 மீற்றர் இருட்டு. வளைவுக்குள் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டு இறங்குவது அந்த இருட்டுக்குள்தான் நடக்கும். லொகர் வாங்குவதே அதைப் பிடிக்கத்தானே?

அப்புறம், அந்தக் காலத்து ஜப்பான் சந்தைக் கார்களில் சொக்கெட் இருந்தாலும் அது பொது ஓபிடி மொழி பேசும் என்று நம்ப முடியாது. குத்திப் பார்த்துவிட்டு "கனெக்ட் ஆகவில்லை" என்று இங்கே வந்து நிற்கப் போகிறான் பொடியன்.

நிலாவெளி_பிட்ஸ்:
ஈகேக்கு ஓபிடி பொருந்தாது என்றால் சரி, விடுவோம். ஆனால் "கொயில்தான் எல்லாவற்றுக்கும்" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். இப்போது வருகிற கார்களில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் கொயில். ஒன்றில் மட்டும் எடுத்தால் இரண்டு சுற்றுக்கு ஒரு பல்ஸ்தான். 2 என்று போட்டால் லொகர் கால்வாசி ஆர்பிஎம் காட்டும். அந்தக் கார்களில் கேன் பஸ் இருக்கிறது, காரின் கொம்பியூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இரண்டு வயர். கேள்வி கேட்காமல் சும்மா ஒட்டுக்கேட்டாலே ஆர்பிஎம் செக்கனுக்குப் பல பத்து முறை வந்து விழும். எந்தச் செய்தி எண்ணில் வருகிறது என்று தேடிப் பிடிப்பது மட்டும்தான் வேலை. ஆனால் ஒட்டுக்கேட்கிறேன் என்று இன்னொரு 120 ஓம் ரெசிஸ்டரை நடுவில் போடாதீர்கள். இரண்டு முனையிலும் ஏற்கெனவே ஒவ்வொன்று இருக்கிறது. பற்றரியைக் கழற்றிவிட்டு இரண்டு வயருக்கும் இடையே அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும்.

உவர்மலை_லாப்:
இரண்டு பேரும் சண்டை பிடிப்பதைப் பார்த்தால் சிரிப்பாக இருக்கிறது. ஆர்பிஎம் வயரே எதற்கு? ஜீபிஎஸ் வேகம் இருக்கிறது, கியர் விகிதம் தெரியும், டயர் அளவு தெரியும். 185/60 ஆர்14 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.81 மீற்றர் உருளும். 100 கிலோமீற்றரில் சில்லு நிமிடத்துக்கு 920 சுற்று. கியரும் பைனலும் (கியருக்கும் சில்லுக்கும் நடுவில் உள்ள கடைசிப் பல்சக்கரம்) சேர்ந்து மொத்த விகிதம் 4 என்றால் எஞ்சின் 3680. எக்செல் ஷீட் போதும். பொனட்டைத் திறக்கவே வேண்டாம்.

சீனக்குடா_கொயில்:
கிளச் வழுக்கினால் உன் எக்செல் என்ன சொல்லும்?

நிலாவெளி_பிட்ஸ்:
இந்த ஒன்றில் அண்ணாவோடு நிற்கிறேன். அந்தக் கணக்கு கிளச் முழுதாகப் பிடித்திருக்கிறது, சில்லு வழுக்கவில்லை என்று வைத்துக்கொண்டு போடுவது. ட்ராக்கில் நமக்கு வேண்டியதே அது பிடிக்காத இடங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறினால் கிளச் போகிறது, அல்லது உள்பக்கச் சில்லு சும்மா சுற்றுகிறது. இரண்டையும் தனித்தனியாக அளந்தால்தானே அது தெரியும்? ஒன்றிலிருந்து மற்றதைக் கணக்குப் போட்டால் இரண்டு கோடும் எப்போதும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

உவர்மலை_லாப்:
முதல் தடவை ட்ராக்குக்குப் போகிறவருக்கு கிளச் ஆராய்ச்சி தேவையில்லை என்பதுதான் என் பேச்சு. பிரேக் எங்கே பிடிக்கிறார், வளைவில் எவ்வளவு வேகம், இதைப் பார்க்கவே நேரம் போதாது. ஆசைப்பட்டால் வயர் போடுங்கள்.

கிண்ணியா_அவுட்போர்ட்:
நான் போட் எஞ்சின் பார்க்கிறவன், கொஞ்சம் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். அவுட்போர்ட்டில் டேக்கோ சிக்னல் பெரும்பாலும் சார்ஜ் கொயில் பக்கத்திலிருந்துதான் வரும். காந்த முனை (போல்) 12 என்றால் சுற்றுக்கு 6 பல்ஸ், மீற்றருக்குப் பின்னால் அதற்கு ஒரு சுவிட்ச் இருக்கும். அது பிளைவீலோடு சேர்ந்து சுற்றுவதால் கணக்குப் பிசகாது. காரில் ஒல்டர்னேட்டர் பெல்ட்டில் ஓடுகிறது, பெல்ட் ஓடுகிற சக்கரத்தின் (புல்லி) அளவு தெரிய வேண்டும், பெல்ட் வழுக்கும். ஆகவே காரில் அந்த வழி பெற்றோல்காரருக்கு வேண்டாம், ஸ்பார்க்கே இல்லாத பழைய டீசல்காரருக்கு மட்டும்.

தம்பியின் காரில் கொயிலும் வேண்டாம், ஓபிடியும் வேண்டாம். டாஷ்போட்டில் ஊசி ஆடுகிறதுதானே? அதற்கு ஒரு வயர் வருகிறது. ஈகேயில் டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கிற இக்னைட்டரிலிருந்து மீற்றருக்குப் போகும் நீல வயர். மீற்றர் பக்கத்தில் அதைப் பிடி. எஞ்சின் சூடு இல்லை, பிளக் வயர் பக்கத்தில் இல்லை, லொகரும் அங்கேதான் இருக்கப் போகிறது.

ஒரு விஷயம் மட்டும் கட்டாயம். வயரைக் கடித்துப் பிடிக்கிற அந்த நீலப் பிளாஸ்டிக் கிளிப்பை நம் ஊரில் போடாதே. உப்புக்காற்றில் உள்ளே பச்சை பூத்துவிடும். போட்டில் அப்படிப் பூத்ததை வெட்டி எறிவதே எனக்குப் பாதி வேலை. ஈயம் வைத்து ஒட்டி, பசை உள்ள சுருங்கு குழாயைச் சூடாக்கி மூடு.

உப்புவெளி_ஈகே:
நானா, நீல வயரில் எத்தனை வோல்ட் வரும் என்று தெரியாமல் லொகரைக் கொடுக்கப் பயமாக இருக்கிறது.

கிண்ணியா_அவுட்போர்ட்:
பயம் நல்லதுதான். யாரிடமாவது ஒஸிலஸ்கோப் இருந்தால் அதில் பார். நிலாவெளிக்காரரிடம் இருக்கும் போல.

நிலாவெளி_பிட்ஸ்:
இருக்கிறது, கொண்டுவாருங்கள். லொகரைப் பூட்டும் முன்பு மல்டிமீற்றரை ஹெர்ட்ஸுக்குத் திருப்பியும் பாருங்கள். ஐட்லிங் 750 என்றால் சுற்றுக்கு இரண்டு பல்ஸ் கணக்கில் 25 ஹெர்ட்ஸ் காட்ட வேண்டும். 3000க்கு 100. அலையின் உச்சி 12க்கு மேல் துள்ளினால் மட்டும் அண்ணா சொன்ன ரெசிஸ்டரும் சீனரும் போடலாம். கிராங்க் சென்சார் வயரை மட்டும் யார் சொன்னாலும் தொடாதீர்கள். அது மெல்லிய சிக்னல், லொகர் அதை இழுத்தால் எஞ்சின் கொம்பியூட்டர் குழம்பி மிஸ்ஸிங் அடிக்கும்.

சீனக்குடா_கொயில்:
கடைசியில் என் ரெசிஸ்டருக்குத்தான் வந்தீர்கள். மீற்றர் வயரில் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. ஒட்டின இடம் எர்த்தில் தட்டினால் ஊசியும் போகும், லொகரும் போகும், இரண்டும் ஒன்றாகக் குருடு. ரெசிஸ்டரை லொகர் பக்கம் வைக்காமல் ஒட்டுகிற இடத்திலேயே வை. அதற்குப் பிறகு வருகிற வயர் எங்கே தட்டினாலும் ஊசிக்கு ஒன்றும் ஆகாது.

கிண்ணியா_அவுட்போர்ட்:
அது நல்ல பேச்சு.

உப்புவெளி_ஈகே:
எல்லோருக்கும் நன்றி. நீல வயர், ஒட்டும் இடத்தில் ரெசிஸ்டர், ஈயம். பூட்டிவிட்டு நிலாவெளி ரோட்டில் அதிகாலையில் ஒரு இழுவை இழுத்துப் பார்க்கலாமா?

உவர்மலை_லாப்:
இதற்கு மட்டும் நான் கத்துவேன். அந்த ரோட்டில் மாடு படுத்திருக்கும், டவுன் பக்கம் வந்தால் திருகோணமலைக் கோட்டை மான்கள் குறுக்கே நடக்கும். நின்ற இடத்தில் நியூட்ரலில் 1000, 2000, 3000 பிடித்து ஊசியும் லொகரும் ஒத்துப்போகிறதா பார்த்தால் போதும்.

நிலாவெளி_பிட்ஸ்:
அதுதான். சரியாக இரண்டு மடங்கு அல்லது பாதி காட்டினால் பல்ஸ் எண் பிழை, லொகருக்குள் மாற்றுங்கள். அங்கும் இங்கும் பாய்ந்தால் அது இரைச்சல். லொகரின் எர்த்தை சிகரெட் சொக்கெட்டில் எடுக்காமல் எஞ்சின் கொம்பியூட்டர் எர்த் ஆகிற இடத்திலேயே போட்டுப் பாருங்கள். சனிக்கிழமை பின்னேரம் வீட்டில் இருப்பேன்.