தயிர்-மாம்பழக் குச்சி ஐஸ் நறநறக்காமல் இருக்க என்ன வழி?

சேலத்து அம்மா:
கோடை விடுமுறை முழுக்கப் பிள்ளைகள் குச்சி ஐஸுக்கு அடம்பிடிக்கிறார்கள். தயிரும் மல்கோவா விழுதும் கலந்து வீட்டிலேயே அச்சில் உறைய வைக்கிறேன். சுவை அருமை; ஆனால் கடித்தால் பனிக்கட்டி நறநறக்கிறது. சர்க்கரை சேர்க்க மனமில்லை. என்ன செய்யலாம்?

தஞ்சைப் பாட்டி:
தயிரில் இருக்கும் தண்ணீர்தான் காரணம், அம்மா. மெல்லிய பருத்தித் துணியில் தயிரைக் கட்டி, வடிகட்டியில் வைத்து, இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே வடியவிடுங்கள். வெளியே தொங்கவிட்டால் நம் வெயிலுக்குப் புளித்துவிடும். புளித்ததைப் பிள்ளைகள் தொடமாட்டார்கள். காலையில் துணியைப் பிரித்தால், கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்குக் கெட்டியாக இருக்கும். வடிந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். சப்பாத்தி மாவு பிசையலாம்.

கோவை வாசகர்:
பாட்டி சொல்வது சரி. கூடவே, சர்க்கரையானது நீரின் உறைநிலையைக் குறைக்கும். அதனால் மைனஸ் 18 டிகிரியிலும் ஐஸ் சற்று இளக்கமாக நிற்கும். சர்க்கரை வேண்டாமென்றால் நன்கு கனிந்த வாழைப்பழத்தை மசித்துச் சேருங்கள். ஆடை நீக்காத பாலில் உறையூற்றிய தயிரே நல்லது.

மதுரை அக்கா:
ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சின்னக் குழந்தைகளுக்கு முழுத் திராட்சையை உறைய வைத்துக் கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனும் வேண்டாம்.