புதுப்பிப்பு: அடுப்பில்லாமல் செய்த காப்ரேசே குச்சிகள்

20 பேர் வரும் விருந்துக்கு, அடுப்பைப் பற்றவைக்காமல் இத்தாலிய பாணியில் என்ன வைக்கலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். பலரும் சொன்ன காப்ரேசே குச்சிகளையே செய்தேன். தட்டு காலி!

செர்ரி தக்காளி, பேசில் (இத்தாலியத் துளசி) இலை, சின்ன மொசரெல்லா சீஸ் உருண்டை. பல்குத்தும் குச்சியில் கோத்தால் முடிந்தது.

முந்தின நாள் ஒத்திகையில்தான் சொதப்பியது. உப்பை முன்கூட்டியே தூவிவிட்டேன். அது தக்காளியின் நீரை இழுத்து, தட்டில் குளம் கட்டி, மொசரெல்லாவின் அடிப்பக்கம் இளஞ்சிவப்பாகிவிட்டது. இந்தமுறை உருண்டைகளைத் துணியில் ஒற்றி 15 நிமிடம் வடியவிட்டேன். உப்பு, மிளகு, ஆலிவ் எண்ணெய் எல்லாம் பரிமாறும் நேரத்தில்தான்.

பேசிலை வெட்டாதீர்கள், வெட்டிய ஓரம் கறுத்துவிடும். பெரிய இலையென்றால் மடித்துக் குத்துங்கள்.

பால்சாமிக் வினிகர் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். இத்தாலியின் காப்ரித் தீவின் பெயரைத் தாங்கிய காப்ரேசே சாலட்டில் வழக்கமாக வினிகர் கிடையாது. விரும்புகிறவர்களுக்காகத் தனிக் கிண்ணத்தில் வைத்தேன். எனக்கு நல்ல எண்ணெய் மட்டுமே போதும்.

அப்புறம், பரிமாறுவதற்கு 20 நிமிடம் முன்பே குளிர்பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். சில்லென்று இருந்தால் தக்காளியின் வாசனை எழும்பவே எழும்பாது.