ஸ்டாஃபா தீவில் ஃபிங்கல் குகை: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

நாங்கள் போனது ஒரு ஜூன் மாதம். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஓபன் ஊரிலிருந்து மல் தீவுக்குக் கப்பல், அங்கே ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய சாலையில் ஃபின்னஃபோர்ட் வரை பேருந்து, அப்புறம் சின்னப் படகு. ஏறும்போதே சொல்லிவிட்டார்கள்: இறங்க முடியுமா என்பதைக் கடல்தான் முடிவு செய்யும், அலை தூக்கினால் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவோம் என்று. வீட்டுக்காரர் பாதி வழியிலேயே வாந்தி எடுத்து ஓய்ந்துவிட்டார்.

படகு நெருங்கும்போது கேமராவைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டுத் தீவின் தெற்கு முகத்தைப் பாருங்கள். அடியில் எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை, நடுவில் நெட்டுக்குத்தாகத் தூண்கள், அவற்றின் தலையில் ஒழுங்கே இல்லாத முரட்டுப் பாறை. எல்லாம் சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைக் குழம்பின் வேலை. கண்மாய் வற்றியதும் களிமண் பாளம் பாளமாக வெடிக்குமே, அதே கதைதான். இங்கே குழம்பு ஆறிச் சுருங்கும்போது விழுந்த வெடிப்பு அப்படியே ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது. மெதுவாக ஆறிய இடத்தில் தூண் நேராக வந்திருக்கிறது. பெரும்பாலும் ஆறு பக்கம், ஐந்தும் ஏழும் உண்டு. அந்த வெடிப்புகளில் கடல் மோதி மோதிப் பெயர்த்த இடம்தான் குகை.

கரையில் இருக்கக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம். இறங்கியதும் கூட்டம் பஃபின் பறவைகளைப் பார்க்க மேட்டுக்கு ஓடும். நாங்கள் முதலில் குகைப் பக்கம் திரும்பினோம். உடைந்த தூண்களின் தலைகள்தான் பாதை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி ஒவ்வொன்றாக மிதித்துப் போக வேண்டும். ஈரம் பட்டால் கறுப்புப் பாறை நன்றாகவே வழுக்கும்.

குகை சுமார் 70 மீட்டர் நீளம், 20 மீட்டர் உயரம். உள்ளே தரை கிடையாது, கடல்தான். அலை உள்ளே போய்க் கடைசிச் சுவரில் இடிக்கும்போது 'தொம்' என்று ஒரு சத்தம். காதுக்கு வருமுன் காலில் தெரிகிறது. அது அடங்குவதற்குள் அடுத்த அலை வந்துவிடும். மேலே நிமிர்ந்தால் முறிந்து தொங்கும் தூண்களின் அடிப்பக்கம், இடுக்குகளில் மஞ்சள் படிவு.

1772இல் இயற்கை ஆய்வாளர் ஜோசப் பேங்க்ஸ் ஐஸ்லாந்து போகும் வழியில் இங்கே இறங்கி எழுதிய பிறகுதான் வெளியுலகுக்கு இந்த இடம் தெரியவந்தது. 1829இல் வந்த இசையமைப்பாளர் மெண்டல்சனுக்கும் படகில் குமட்டல்தானாம் (வீட்டுக்காரருக்கு இதில் ஏக திருப்தி). குகையைப் பார்த்துத்தான் அவர் 'ஹெப்ரிடீஸ்' இசையை எழுதினார் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். ஆனால் தொடக்க மெட்டைக் குகையைப் பார்க்கும் முன்பே வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் குறித்துவிட்டார். எனக்கு அது பொருத்தமாகவே பட்டது. அந்தக் கடலில் வந்தவருக்குக் குகை வரை காத்திருக்கத் தேவையில்லை.

*

அக்கா, உடுப்பி பக்கம் மால்பேயிலிருந்து படகில் போகும் செயின்ட் மேரீஸ் தீவிலும் இதே மாதிரி தூண்கள் பார்த்தேன். இரண்டும் ஒன்றா? அம்மாவையும் ஸ்டாஃபாவுக்கு அழைத்துப் போகலாமா? முட்டி வலி உண்டு.

*

உருவான விதம் ஒன்றுதான் தம்பி. ஆனால் ஸ்டாஃபா தூண்கள் பசால்ட் என்ற கறுப்பு எரிமலைப் பாறை. செயின்ட் மேரீஸில் இருப்பது அது இல்லை, சிலிக்கா அதிகமுள்ள வேறு எரிமலைப் பாறை. வயதும் கூடுதல், 8 கோடி ஆண்டுக்கு மேல். இப்படி ஒரு குகையும் அங்கே இல்லை.

அம்மா படகில் தாராளமாக வரலாம், குகை வாய் படகிலிருந்தே நன்றாகத் தெரியும். இறங்கி நடப்பது முட்டி வலியோடு வேண்டாம். பாறை சரிந்தாலோ புயலில் பாதை சேதமானாலோ குகைப் பக்கம் போக விடமாட்டார்கள். சீட்டு எடுக்கும்போதே கேட்டுக்கொள். பஃபின் பார்க்கணும் என்றால் ஜூலைக்குள் போய்விடு, ஆகஸ்டில் அவை கடலுக்குக் கிளம்பிவிடும்.